தாய்ப்பத்திரத்தின் முதல் பக்கம்

தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்து ஊர் ஒன்றில் வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் இரண்டு சென்ட் மனை வாங்குவதானாலும் வில்லங்கச் சான்று எடுத்து, மூலப்பத்திரத்தைக் கேட்டு வாங்கி, அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம் யார் பெயரில் இருந்தது என்பதை விவரம் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகே முன்பணம் கை மாறும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், சிரக்யூஸ் நகரத்துக்குக் கிழக்கே மான்லியஸ் என்னும் ஊரில் 2011ஆம் ஆண்டு நானும் என் மனைவியும் வீடு வாங்கியபோதும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. இந்தப் பகுதியில், மனை யார் யார் கை மாறி வந்தது என்பதை வரிசையாகச் சொல்லும் காகிதக் கற்றை ஒன்றை விற்பவர் தரவேண்டும் என்பது வழக்கம். மஞ்சளேறிய தட்டச்சுத் தாள்களைப் புரட்டிக்கொண்டே பின்னோக்கிப் போனேன். முதல் பக்கத்தில் 'ராணுவ நிலப்பகுதி' என்ற சொல்லும் ஒரு தொகுதி எண்ணும் இருந்தன. அதற்கு முன் நிலம் யாருடையது என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். மாநில அரசுடையது என்றார். மாநில அரசுக்கு எழுதிக் கொடுத்தவர் யார் என்று கேட்டதற்கு அவர் சிரித்து, அவ்வளவு தூரம் பின்னால் போய் யாரும் பார்ப்பதில்லை என்று சொல்லி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். நானும் போட்டுவிட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய எனக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. பதிலோ என் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இருந்தது.

முதலில் இந்த ராணுவ நிலப்பகுதியின் கதையைச் சொல்ல வேண்டும். பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரில் வீரர்களுக்குக் கூலி கொடுக்கக் கையில் பணம் இல்லாத நியூயார்க் மாநிலம், பணத்துக்குப் பதிலாக நிலம் தருவதாக வாக்களித்தது. அதற்கென 1782இல் ஒரு பெரும் பரப்பை ஒதுக்கி வைத்தது. பிறகு அதை ஊர்களாகவும், ஒவ்வோர் ஊரையும் 600 ஏக்கர் கொண்ட நூறு தொகுதிகளாகவும் பிரித்தது. ஊர்களுக்குப் பெயர் வைத்தவர்கள் கிரேக்க, ரோமானிய வரலாற்றில் ஊறியவர்கள் போலும். கமில்லஸ், மார்செல்லஸ், ஃபேபியஸ், பாம்பி, லைசாண்டர், மான்லியஸ் என்று நீளும் அந்தப் பட்டியலில் சிசரோவுக்கு மட்டும் இரண்டு ஊர்கள் கிடைத்துவிட்டன. சிசரோ என்றே ஓர் ஊர் இருக்க, அவருடைய மற்றொரு பெயரான டல்லி இன்னோர் ஊருக்குப் போயிற்று. இதில் கவனிக்க வேண்டியது ஆண்டு. 1782இல் வீரர்களுக்கு வாக்களிக்கப்பட்ட அந்த நிலத்தை மாநிலம் அப்போது வாங்கியிருக்கவே இல்லை. அடுத்தவர் குடியிருக்கும் வீட்டை முன்கூட்டியே தானம் செய்துவிட்டு, பிறகு எழுதி வாங்கப் போன கதை அது.

அந்த அடுத்தவர்களில் ஒருவர் ஒனொண்டாகா மக்கள். பள்ளிப் பாடப் புத்தகத்தில் நாம் 'செவ்விந்தியர்' என்று படித்த பெயரை நான் விட்டுவிட்டேன். கொலம்பஸின் வழிதவறலையும் தோலின் நிறத்தையும் சேர்த்துத் தைத்த பெயர் அது. அவர்கள் தம்மை மலை மேல் வாழ்வோர் என்னும் பொருளிலேயே ஒனொண்டாகா என்கிறார்கள். மோஹாக், ஒனைடா, கயூகா, செனெக்கா ஆகிய அண்டை இனங்களோடும், பதினெட்டாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த டஸ்கரோராவோடும் கூடிய ஹோடெனோஷோனி கூட்டமைப்பின் நடுநாயகம் அவர்கள். ஹோடெனோஷோனி என்றால் நீண்ட இல்லத்தார். தம்முள் ஓயாமல் போரிட்டுக்கொண்டிருந்த ஐந்து இனங்களை அமைதித் தூதர் ஒருவர் ஒனொண்டாகா ஏரிக்கரையில் ஒன்று சேர்த்து, ஒரு வெள்ளைப் பைன் மரத்தின் அடியில் படைக்கலங்களைப் புதைக்கச் செய்தார் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. குலத்தாய்மார் தலைவர்களைத் தேர்ந்தெடுப்பதும், தவறினால் நீக்குவதும் இன்றும் தொடர்கிறது. ஒரு காலத்தில் சுமார் 25 லட்சம் ஏக்கர் பரப்பில் வாழ்ந்த ஒனொண்டாகா தேசத்தின் கையில் சிரக்யூஸுக்குத் தெற்கே எஞ்சியது ஏறத்தாழ 7,300 ஏக்கர்.

நிலம் போன விதத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் ஆண்டுகளை விட முடியாது. 1779 ஏப்ரலில் விடுதலைப் படை ஒனொண்டாகா ஊர்களை எரித்தது. அதே ஆண்டின் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் சல்லிவன் என்ற தளபதி தலைமையில் ஹோடெனோஷோனி நாட்டின் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் பயிரோடு கொளுத்தப்பட்டன. ஆணையிட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன். அவர் நினைவாக இன்றுவரை அமெரிக்கக் குடியரசுத் தலைவரை அவர்கள் மொழியில் 'ஊரழிப்பான்' என்றே குறிப்பிடுகிறார்கள். பின்னர் 1788இல் தொடங்கி 1793, 1795, 1817, 1822 என்று நியூயார்க் மாநிலம் அடுத்தடுத்துப் பத்திரம் எழுதி வாங்கியது. கையெழுத்திட்டவர்களுக்கு அதற்கான அதிகாரம் தேசத்தால் தரப்படவில்லை என்பது ஒனொண்டாகா தரப்பின் நிலையான வாதம். அதைவிட வலுவானது சட்டம். கூட்டாட்சி அரசின் ஒப்புதல் இல்லாமல் பூர்வகுடிகளிடமிருந்து எவரும், எந்த மாநிலமும் நிலம் வாங்கக்கூடாது என்று 1790இலேயே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. 1794 நவம்பர் 11 அன்று கானண்டைகுவாவில் செய்துகொண்ட உடன்படிக்கையில் ஒனொண்டாகா உள்ளிட்டோரின் நிலங்கள் அவர்களுடையவையே என்று வாஷிங்டனின் அரசு ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டே நியூயார்க் மறுபடியும் எழுதி வாங்கியது.

அந்தக் கானண்டைகுவா உடன்படிக்கை செல்லாக்காசு அல்ல என்பதுதான் விந்தை. ஆண்டுதோறும் 4,500 டாலர் மதிப்புள்ள பொருள் தருவதாக அதில் அமெரிக்க அரசு வாக்களித்திருக்கிறது. இன்றும் அந்தத் தொகைக்குத் துணி வந்து சேர்கிறது. விலைவாசி ஏறியதில் தலைக்கு ஒரு சிறு துண்டு மஸ்லின்தான் தேறுகிறது. ஆனாலும் பணமாகத் தருகிறோம் என்றால் அவர்கள் ஒப்புவதில்லை. துணி வருகிறவரை உடன்படிக்கை உயிரோடு இருக்கிறது, எதிர்த்தரப்பே அதை ஆண்டுக்கு ஒரு முறை ஒப்புக்கொள்கிறது என்பது கணக்கு. நியூயார்க் மாநிலமும் தன் பங்குக்கு ஆண்டுதோறும் 150 புஷல் உப்புக் கொடுக்கக் கடமைப்பட்டது.

உப்பு என்றதும் எனக்குக் காது நிமிர்ந்ததை மறைக்க மாட்டேன். சிரக்யூஸுக்கு 'உப்பு நகரம்' என்று பெயர். ஏரிக்கரையின் உவர் ஊற்றுகளை 1654இல் சிமோன் லெ மாயின் என்ற பிரெஞ்சுப் பாதிரியாருக்குக் காட்டியவர்கள் ஒனொண்டாகா மக்கள். அந்த ஊற்றுநீரைக் காய்ச்சித்தான் நகரம் வளர்ந்தது; 1825இல் திறக்கப்பட்ட ஈரி கால்வாய்க்கு உப்பு வரியும் பணம் தந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று என் ஆச்சி சோற்றுத் தட்டின் முன் சொல்லாத நாள் இல்லை. இந்த நகரம் தனக்கு உப்பிட்டவர்களை நினைத்த விதத்தை அறிய, ஏரிக்கரைக்குப் போனால் போதும்.

நான் முதன்முதலில் அந்த ஏரிக்குப் போனது மீன் பிடிக்க. கடற்கரைக்காரனுக்கு உள்நாட்டு ஊரில் வேறு என்ன ஆறுதல்? தூண்டிலோடு போய் நின்ற இடத்தில் எச்சரிக்கை இருந்தது: இந்த ஏரியின் மீனைக் குழந்தை பெறும் வயதுப் பெண்களும் சிறுவர்களும் அறவே உண்ணக்கூடாது. காரணம் பாதரசம். டல்லி பள்ளத்தாக்கின் ஆழத்திலிருந்த உப்பை நீர் பாய்ச்சிக் கரைத்துக் குழாய் வழியே கொண்டுவந்து சோடா உப்பு தயாரித்த சால்வே நிறுவனம் 1880களிலிருந்து ஏரியின் மேற்குக் கரை முழுவதும் வெண்கழிவைக் கொட்டியது. அதன் வழிவந்த அல்லைடு கெமிக்கல் நிறுவனம் 1946 முதல் 1970 வரை சுமார் 75 டன் பாதரசத்தை ஏரிக்குள் விட்டது. நகரத்தின் சாக்கடையும் அதே ஏரியில்தான் கலந்தது. 1940இல் குளிக்கத் தடை, 1970இல் மீன்பிடிக்கத் தடை, 1994இல் நாட்டின் மிக மோசமான நச்சு இடங்களுக்கான சூப்பர்ஃபண்ட் பட்டியலில் இடம். அமைதிச் சட்டம் பிறந்த புனித நீர்நிலை இது. அல்லைடின் வழிவந்து, ஹனிவெல்லை வாங்கி அதன் பெயரையே ஏற்றுக்கொண்ட நிறுவனம் 2012 முதல் 2014 வரை ஏரிப்படுகையிலிருந்து 22 லட்சம் கன கெஜம் சேற்றைத் தோண்டி எடுத்து, பல இடங்களில் படுகையின் மேல் மணலும் சரளையும் போட்டு மூடியது. இப்போது வெண்தலைக் கழுகுகள் குளிர்காலத்தில் வந்து அமர்கின்றன, வெண்கழிவு மேட்டின் மேல் 2015 முதல் ஓர் இசை அரங்கம் இயங்குகிறது, தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. நச்சின் பெரும் பங்கை மூடி வைத்துவிட்டு ஏரி தூய்மையாகிவிட்டது என்று சொல்வதை ஒனொண்டாகா தேசம் ஏற்கவில்லை. மீன் எச்சரிக்கை நீங்காதவரை அவர்கள் சொல்வதே சரி என்று தூண்டிலைச் சுருட்டியவன் என்ற முறையில் நானும் கருதுகிறேன்.

அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் இருந்த கதையைத் தேடிப் போனபோதுதான் 'ஒனொண்டாகா தேசத்தின் அண்டை வீட்டார்' என்ற அமைப்பு இருப்பது தெரிந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து நூன் என்பார்கள். 1936 முதல் இயங்கும் சிரக்யூஸ் அமைதிக் குழுவின் கிளையாக, நூற்றாண்டு மாறும் தறுவாயில், பூர்வகுடி அல்லாத சில நகரவாசிகள் தொடங்கியது அது. அவர்கள் ஏன் தேவைப்பட்டார்கள் என்பதை அறிய அன்றைய சூழலைச் சொல்ல வேண்டும். ஒனைடா, கயூகா நில வழக்குகள் நடந்துகொண்டிருந்த ஊர்களில், தனித் தேசமும் வேண்டாம் தனி நிலமும் வேண்டாம் என்று முழங்கும் பலகைகள் வீட்டு வாசல்தோறும் நின்றன. தங்கள் வீடு பறிபோகும் என்று மக்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை ஊதிப் பெருக்கவும் ஆள் இருந்தது. ஒனொண்டாகாவும் வழக்குப் போடப் போகிறார்கள் என்று தெரிந்தபோது, சிரக்யூஸின் வாசல்களிலும் அதே பலகைகள் முளைத்துவிடக்கூடாது என்பது நூனின் முதல் கவலையாக இருந்தது.

2005 மார்ச் 11 அன்று வழக்குத் தொடுக்கப்பட்டது. அதை நில உரிமைக் கோரிக்கை என்று சொல்லாமல் நில உரிமை நடவடிக்கை என்றே ஒனொண்டாகா தேசம் அழைத்தது. வழக்கின் முதல் வரியே, தமக்கும் இந்த நிலத்தில் வாழும் மற்ற எல்லோருக்கும் இடையே உள்ள புண் ஆறவேண்டும் என்ற விருப்பத்தோடு தொடங்குகிறது. யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்றும்படி அவர்கள் கேட்கவில்லை. மாநிலம் நிலத்தை எடுத்தது சட்ட விரோதம் என்று நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் என்பதும், அதன் வலிமையில் ஏரியையும் ஓடைகளையும் கெடுத்தவர்களைத் தூய்மைப்படுத்த வைக்க வேண்டும் என்பதுமே நோக்கம். மாநிலம், கவுண்டி என்னும் மாவட்ட ஆட்சி, நகரம் ஆகியவற்றோடு ஹனிவெல் உள்ளிட்ட சில நிறுவனங்களும் எதிர்வாதிகள். என்னைப் போன்ற வீட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை. நூன் உறுப்பினர்கள் இந்த வேறுபாட்டை ஒவ்வொரு தேவாலயமாக, நூலகமாக, பள்ளியாகப் போய் விளக்கினார்கள். 2006இல் ஆண்டு முழுவதும் நடந்த பொது உரைத்தொடரில் ஒனொண்டாகா தலைவர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஒரே மேடையில் பேசினார்கள். வெறுப்புப் பலகைகள் இந்த ஊரில் பெரிதாக வேர்விடாமல் போனதற்கு இந்தச் சலிப்பூட்டும் வேலைக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

வழக்கு தோற்றது. தோற்ற காரணம்தான் என் தாய்ப்பத்திரத்தை மறுபடி எடுத்துப் பார்க்க வைத்தது. ஒனொண்டாகா வழக்குப் போட்ட பதினெட்டாம் நாள், ஒனைடா தேசத்துக்கும் ஷெரில் நகரத்துக்கும் இடையிலான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னேற்றக் கருத்துகளுக்குப் பேர்போன நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய அத்தீர்ப்பின் சாரம்: வெகு காலம் கடந்துவிட்டது, வேறு மக்கள் குடியேறிவிட்டார்கள், அவர்களுடைய நிலைத்த எதிர்பார்ப்புகளை இனிக் குலைக்க முடியாது. அதையே பிடித்துக்கொண்டு 2010 செப்டம்பரில் ஒனொண்டாகா வழக்கை மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2012இல் மேல்முறையீடும் தோற்றது, 2013இல் உச்ச நீதிமன்றம் கேட்கவே மறுத்தது. இத்தகைய நில வழக்குகளுக்கு 1974 வரை கூட்டாட்சி நீதிமன்றத்தின் கதவே திறந்திருக்கவில்லை. கதவைப் பூட்டி வைத்திருந்தவர்களே திறந்ததும் 'நேரம் கடந்து வந்துவிட்டாய்' என்று சொல்வதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஒனொண்டாகா நிலத்தைப் பொறுத்தவரை 1790ஆம் ஆண்டுச் சட்டம் மீறப்பட்டதா இல்லையா என்ற கேள்வியை எந்த நீதிமன்றமும் விசாரித்து முடிவு சொல்லவில்லை என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

அந்த ஷெரில் தீர்ப்பின் முதல் அடிக்குறிப்பு இன்னும் சுவையானது. ஐரோப்பியர் 'கண்டுபிடித்த' மண்ணின் உரிமை கண்டுபிடித்த அரசுக்கே சேரும், அங்கு வாழ்ந்தவர்களுக்கு இருப்பது குடியிருக்கும் உரிமை மட்டுமே என்னும் கோட்பாட்டை அது மேற்கோள் காட்டுகிறது. 1823இல் அமெரிக்கச் சட்டத்துக்குள் நுழைந்த இந்தக் கோட்பாட்டின் வேர் பதினைந்தாம் நூற்றாண்டுப் போப்பாண்டவர்களின் ஆணைகளில் இருக்கிறது. 1452லும் 1455லும் போர்ச்சுகலுக்கும், 1493இல் ஸ்பெயினுக்கும் அவை தரப்பட்டன. 1455ஆம் ஆண்டு ஆணையின் பெயரை நான் சிரக்யூஸில் ஒரு கூட்டத்தில் கேட்டபோது, எங்கள் ஊர்க் கதை நினைவுக்கு வந்து தூக்கிவாரிப் போட்டது. போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து, 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்களை ஞானஸ்நானம் பெறச் செய்து, எங்கள் கடலின் முத்துக்கும் சங்குக்கும் அதிகாரம் செலுத்தியது இதே ஆணைகள் தந்த தைரியத்தில்தான். என் ஊரிலும் நான் குடியேறிய ஊரிலும் ஒரே காகிதம் வேலை செய்திருக்கிறது. 2023 மார்ச் 30 அன்று வாத்திக்கான் அந்தக் கோட்பாட்டை மறுத்து அறிக்கை வெளியிட்டது. அமெரிக்க நீதிமன்றங்களில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. ஒனொண்டாகா தேசம் 2014இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டது; 2023இல் அந்த ஆணையம் மனுவை விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது.

நான் நூன் கூட்டத்துக்கு முதன்முதலில் போனது 2017இல். அன்று நான் செய்த தவறுகளை மறைத்து எழுதினால் இந்தப் பதிவுக்குப் பயன் இல்லை. முதல் தவறு, நான் இந்தியன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, அறையில் ஒரு கணம் குழப்பத்தை உண்டாக்கியது. அதை எல்லோரும் சிரித்துக் கடந்தோம். இரண்டாவது தவறுக்கு யாரும் சிரிக்கவில்லை. எங்கள் தமிழ் நண்பர்கள் வட்டத்தின் பொங்கல் விழாவில் ஒனொண்டாகா நடனம் ஒன்றை ஏற்பாடு செய்து, ஐந்நூறு பேர் முன்னிலையில் அவர்களைப் பாராட்டி ஒரு பலகையும் கொடுக்கலாம் என்று நான் உற்சாகமாக முன்மொழிந்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா, இதை அவர்கள் கேட்டார்களா என்று மெதுவாக வினவினார். கேட்கவில்லை. அப்படியானால் இது அவர்களுக்கான உதவியா, நமக்கான விழாவா என்று அடுத்து வினவினார். பிறகு, ஏரிக்கரைப் பணி ஒன்றைப் பற்றிய முந்நூறு பக்க ஆவணத்தை என் கையில் கொடுத்து, கருத்துக் கேட்புக்கு முன் படித்து அதிலுள்ள எண்களைச் சரிபார்க்கச் சொன்னார். இன்றுவரை நான் செய்யும் வேலை பெரும்பாலும் அதுதான்.

நூனின் நடைமுறை எளிமையானது, ஆனால் கடைப்பிடிக்கக் கடினமானது. ஒனொண்டாகா தேசத்தின் மன்றம் கேட்டால் செய்வார்கள், கேட்காததைச் செய்வதில்லை, அவர்கள் சார்பாகப் பேசுவதில்லை. கவுண்டி மன்றத்தில் எழுந்து நிற்கும்போது வரி செலுத்துபவர் என்ற முறையில் தன் கவுண்டியிடம் தன் கேள்வியைக் கேட்பார்கள். செய்தித்தாளில் வரும் வன்மமான கடிதங்களுக்கு இவர்களே பதில் எழுதிவிடுவார்கள். அதே பழைய கேள்விகளுக்கு ஆயிரத்தோராவது முறை பதில் சொல்லும் களைப்பிலிருந்து அண்டை வீட்டாரைக் காப்பாற்றுவதும் ஒரு வேலைதானே. நிலத்தடிப் பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் திட்டத்தை ஒனொண்டாகா தலைவர்கள் எதிர்த்தபோது நகரவாசிகள் கூடவே நின்றார்கள். 2014 டிசம்பரில் மாநிலம் அதைத் தடை செய்வதாக அறிவித்தது. நகரத்தின் தென்பகுதியில் கறுப்பின மக்கள் வாழும் தெருக்களின் நடுவிலும் வேறு இடங்களிலும் சாக்கடை நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டக் கவுண்டி திட்டமிட்டபோது, அந்தத் தெருவாசிகளும் ஒனொண்டாகா தேசமும் ஒரே பக்கம் நின்று எதிர்த்தார்கள். ஒரு நிலையம் கட்டப்பட்டே விட்டது என்றாலும், மற்றவற்றின் இடத்தில் 2009க்குப் பிறகு மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் திட்டங்கள் வந்தன.

இந்த நடைமுறைக்கு அடிப்படை ஒரு மணிப்பட்டை. வம்பம் என்பது கடற்சிப்பியையும் சங்கையும் அறுத்துத் துளையிட்டுக் கோத்த வெள்ளை, ஊதா மணிகளால் நெய்வது; சங்கு அறுக்கும் பட்டறை ஓசையைக் கேட்டு வளர்ந்த எனக்கு அதன் உழைப்பு புரியும். இருவரிசைப் பட்டையில் வெள்ளைப் பரப்பின் மீது இரண்டு ஊதாக் கோடுகள் இணையாக ஓடுகின்றன. ஒன்று ஹோடெனோஷோனி ஓடம், மற்றது வந்தவர்களின் கப்பல். ஒரே ஆற்றில் அருகருகே போகலாம், ஒருவர் மற்றவருடைய சுக்கானைப் பிடிக்கக்கூடாது. 1613இல் டச்சுக்காரர்களோடு செய்த உடன்பாடு இது என்று அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லிப் பின்னாளில் வெளிவந்த டச்சுக் காகிதம் ஒன்று போலி என்று ஆய்வாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். காகிதம் போலியானதால் உடன்பாடே இல்லை என்று வாதிடுவோரும் உண்டு. எங்கள் ஏடு மணிப்பட்டைதான், காகிதம் அல்ல என்பது ஹோடெனோஷோனி பதில். காகிதங்களின் யோக்கியதையை மேலே பார்த்தோம், ஆகையால் நான் மணிகளின் பக்கம்.

நானூறாம் ஆண்டான 2013இல், பூர்வகுடிகள் ஒரு வரிசையாகவும் மற்றவர்கள் ஒரு வரிசையாகவும் நூற்றுக்கணக்கானோர் ஹட்சன் ஆற்றில் துடுப்புப் போட்டு, ஜூலை இறுதியில் ஆல்பனி அருகே புறப்பட்டு, ஆகஸ்ட் 9 அன்று நியூயார்க் நகரம் வந்து சேர்ந்தார்கள். ஒனொண்டாகா தேசமும் நூனும் சேர்ந்து முன்னெடுத்தது அது. அப்போது நான் சிரக்யூஸ்வாசியாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பயணம் நடந்ததே எனக்குத் தெரியாது. அந்தக் கோடையில் புல்வெட்டும் இயந்திரம் எது நல்லது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

இதை எல்லாம் தமிழ் நண்பர்களிடம் சொல்லும்போது வரும் முதல் எதிர்வினை ஒன்றுதான். என்னைவிட இருபது ஆண்டு முன்னதாக வந்த, நான் மிகவும் மதிக்கும் ஓர் அண்ணன் சொன்னார்: "நாம பிழைக்க வந்தவங்க, தம்பி. நாம யாரை விரட்டினோம்?" உண்மைதான், நாம் யாரையும் விரட்டவில்லை. ஆனால் ஊரில் ஒருவர் கோயில் நிலத்தை வளைத்து விற்றதை நாம் தெரியாமல் வாங்கிவிட்டால், நான் திருடவில்லை என்பது நம்மைக் குற்றத்திலிருந்து விடுவிக்குமே தவிர, கணக்கிலிருந்து விடுவிக்காது என்று அந்த அண்ணனுக்கே நன்றாகத் தெரியும். அவர் அப்பா கிராமத்தில் அப்படிப்பட்ட பஞ்சாயத்துகளைத் தீர்த்து வைத்தவர். அதைச் சொன்னபோது பதில் பேசாமல் காபியைக் குடித்தார். அடுத்த மாதம் அவரே கேட்டு, ஏரிக்கரையில் உள்ள, ஹோடெனோஷோனி வரலாற்றைச் சொல்லும் ஸ்கானோ மையத்துக்கு என்னோடு வந்தார். அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. நடந்ததாக எழுதி அழகுபடுத்த விரும்பவில்லை.

பிழைக்க வந்தவர்களின் மனம் சிக்கலானது என்பதற்கு நகரத்தின் நடுவே நிற்கும் கொலம்பஸ் சிலை சாட்சி. ஏளனத்துக்கு ஆளான இத்தாலியக் குடியேறிகள் தங்களுக்கும் இந்த நாட்டில் ஒரு மரியாதை வேண்டும் என்று காசு சேர்த்து 1934இல் எழுப்பியது அது. அவர்கள் பட்ட அவமானம் பொய்யல்ல. ஆனால் அந்தப் பீடத்தில் கொலம்பஸின் காலுக்குக் கீழே பூர்வகுடிகளின் தலைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. 2020இல் சிலையை அகற்றப்போவதாக மேயர் அறிவிக்க, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. தன் மரியாதைக்கு ஏணியாக அடுத்தவர் தலையைத் தேர்ந்தெடுக்கும் ஆபத்து எந்தக் குடியேறிக்கும் உண்டு, எங்களுக்கும் உண்டு.

நிலம் திரும்பியதும் உண்டு. கயூகா நாட்டில், வெறுப்புப் பலகைகளுக்கு நடுவிலேயே, ஷேர் என்ற அமைப்பைச் சேர்ந்த அண்டை வீட்டார் 2001இல் எழுபது ஏக்கர் பண்ணை ஒன்றை வாங்கி, 2005இல் கயூகா தேசத்துக்கே கொடுத்தார்கள். இங்கே, ஏரியைக் கெடுத்ததற்கான இழப்பீட்டு உடன்பாட்டின் ஒரு பகுதியாக, டல்லி பள்ளத்தாக்கில் 1,023 ஏக்கர் ஒனொண்டாகா தேசத்துக்குத் திரும்பும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டு, 2024இல் கை மாறியது. பழைய பரப்போடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் நான்கு பங்கு. அதையும் ஒரு பெருங்கொடை போல மேடையில் பேசியவர்களை எண்ணினால் எரிச்சல் வருகிறது. ஆனால் ஏரிக்குப் பாயும் ஒனொண்டாகா ஓடை பிறக்கும் இடம் அவர்கள் கைக்கு வந்திருக்கிறது என்பது சின்ன விஷயம் அல்ல. அங்கே குளிர்ந்த நீரில் ட்ரௌட் மீன் இருக்கிறது. அதற்குக் கீழே, பள்ளத்தாக்கின் சேற்று ஊற்றுகள் இன்னும் கொப்பளித்து ஓடையைக் கலக்குகின்றன. உப்பைக் கரைத்து எடுத்ததால் நிலத்தடி குலைந்து ஊற்றுகள் பெருகின என்பது ஒனொண்டாகா மக்கள் நெடுநாளாகச் சொல்லிவருவது. அவர்களின் பெரியவர்கள் சிறுவயதில் அடிமண் தெரியப் பார்த்த நீர், அவர்கள் ஊரைக் கடந்து நகரத்துக்குள் வரும்போது பழுப்பாகவே வருகிறது.

வரும் செவ்வாய்க்கிழமை மாலை கவுண்டியில் மறுபடியும் ஒரு கருத்துக் கேட்பு இருக்கிறது. எனக்கு மூன்று நிமிடம். எழுதி வைத்திருந்ததை நேற்றிரவு மனைவியிடம் படித்துக் காட்டினேன். பேனாவை வாங்கி, 'அவர்கள்' என்று தொடங்கிய இரண்டு வாக்கியங்களை அடித்துவிட்டு, வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.